இடது தோளில் ஒரு தட்டு

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கர்த்தர் கிருபையில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். ஜூன் மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லாததால், இந்த முறை அது வெறும் வழக்கமில்லை, நிஜமாகவே ஆவல்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மிஷினில் இரண்டு படுத்துவிட்டன. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வயசாயிடுச்சுக்கா"ன்னு உதட்டைப் பிதுக்கினார். "எனக்கும்தான் ஆயிடுச்சு, நான் தினமும் வேலைக்கு வரலையா?" என்று கேட்டேன். எண்ணெய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெளிநாட்டில் உன் மூன்று வருடப் பள்ளி ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி முதல் வாரம் உனக்கும் நர்ஸுக்கும் கல்யாணம் என்று அவள் வீட்டில் பேசி முடித்ததை நான் நினைவூட்டத் தேவையில்லை. போதகரிடமும் தேதி சொல்லியாயிற்று. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. நர்ஸ் வந்து சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் கொக்கி சரியில்லை என்று அவளே ஸ்குரூடிரைவர் கேட்டு வாங்கி, பழையதைக் கழற்றிப் புதிது மாட்டினாள். வரப்போகிற வீட்டைப் பார்க்க வந்தவள் மாதிரி இல்லை, இருக்கிற வீட்டைப் பழுது பார்க்கிறவள் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாட்டு வாத்தியார் நாலு குரலில் பெரிய பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். அடியில் போகிற உன் பேஸ் குரல் ஏழு இடத்தில் நிறுத்தி, எண்ணி, மறுபடி நுழைய வேண்டும். "ஏழு இடமா? அவரா?" என்று பாடகர் குழுவே சிரித்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்குப் பாட்டில் நாலு எண்ண வராது! விரல் விட்டு எண்ணிப் பார்த்தாய், கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பார்த்தாய், ஒரு வருடம் சட்டைப்பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டும் வந்தாய். கடைசியில் என் கைதான் உன் தோளில் தட்டி உள்ளே அனுப்பியது. அதற்காகவே ஆண்களை முன்வரிசையில் நிறுத்துகிற ஒரே குழு நம்முடையதாகத்தான் இருக்கும். நீ இல்லாத இரண்டு கிறிஸ்துமஸாக என் கை சும்மா கிடக்கிறது.

டிக்கெட் எந்தத் தேதிக்கு? உடனே எழுது.

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, கீழேயே இரு. கடிதம் போடாதது என் தவறுதான். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்.

இந்த வருடம் எனக்கு மூன்றாம் மாடியில் வகுப்பு. லிஃப்ட் இருக்கிறது. ஆனால் அதில் மேசைகளும் ஆய்வகச் சாமான்களும்தான் போகலாம், ஆசிரியர்கள் போகக்கூடாது. பிள்ளைகள் எல்லோரும் என்னைவிட உயரம். கரும்பலகையில் எனக்கு எட்டாத மேல் பாதியில் அவர்களே தேதி எழுதிவிடுகிறார்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது, சாக்பீஸைப் பிடித்தால் ஐஸைப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி எனக்கு. அதன் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. லேப் உதவியாளர் ஒரு கார்க் துண்டை அளவாக வெட்டி அடியில் வைத்துச் சரி செய்து கொடுத்தார். இப்போது ஆடுவதில்லை.

பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய், சிரித்தேன். ஏழு இடம் கொஞ்சம் அதிகம்தான். டிக்கெட் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டும், பேசிவிட்டு எழுதுகிறேன். போதகருக்கும் பாட்டு வாத்தியாருக்கும் என் வந்தனம்.

அன்புள்ள,
தம்பி

அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு சுகம். நீயும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது. நாற்காலிக் கால் வரைக்கும் சுகம் எழுதியிருக்கிறாய். போதகருக்கு வந்தனம், பாட்டு வாத்தியாருக்கு வந்தனம். நர்ஸ் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. மறதியாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நீ சின்ன வயதிலிருந்தே மறதிக்காரன் இல்லை என்பதுதான் இடிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நர்ஸுக்கு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் பதவி வந்திருக்கிறது. போன வருடமும் இதே பதவி வந்தது. நீ வருகிறாய் என்று வேண்டாம் என்றாள். இப்போது மறுபடி கேட்கிறார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? நீ வந்தால் அவள் இங்கேயே இருப்பாள். வரவில்லையென்றால் அவள் போகலாம். இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்தி வைக்காதே.

உன்னிடம் நேரே கேட்க அவளுக்குக் கூச்சம். அவள் போட்ட கடைசி இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லையாமே. இதை அவள் சொல்லவில்லை, தபால்காரர் சொன்னார்.

வருகிறாய் என்றால் வருகிறேன் என்று எழுது. பிடி கொடுக்காமல் எழுதுவது கணக்கு வாத்தியாருக்கு அழகில்லை.

அக்கா

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன்.

பரீட்சை வேலைகள் பிப்ரவரி வரை இழுக்கும். தலைமை ஆசிரியர் ஏப்ரல் முடிய இருக்கச் சொல்கிறார். மறுக்க முடியவில்லை. அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஜனவரியும் முடியாது. உனக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும். நர்ஸிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நீ சொன்னால் அவள் கேட்பாள்.

ஒன்று செய்யலாம் என்று தோன்றியது. பேஸ் குரலை மட்டும் இங்கே பாடி, கேசட்டில் பதிவு செய்து அனுப்புகிறேன். ஆராதனையில் டேப்ரெக்கார்டரைப் போட்டு அதனோடு நீங்கள் பாடலாம். பாட்டின் தாளை மட்டும் உடனே அனுப்பு. பாட்டு வாத்தியார் சம்மதிப்பாரா?

காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிகிறது. பிள்ளைகள் அதில் விரலால் கணக்குப் போடுகிறார்கள். விடை வருவதற்குள் வழிந்துவிடுகிறது.

தம்பி

நவம்பர் 19

தம்பிக்கு,

சுகம். தாள் இத்துடன் இருக்கிறது.

பக்குவமாகச் சொல்ல இது என்ன இருமல் மருந்தா? நீ சொல்ல வேண்டியதை என் வாயில் ஊட்டி அனுப்புகிறாய். ஆனாலும் சொன்னேன். அவள் டியூட்டி முடிந்து, காலைப் பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "ஏப்ரல்தானேக்கா, நாலு மாசம். மூணு வருஷம் இருந்தவளுக்கு நாலு மாசம் பெரிசா?" என்றாள். பதவிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய சம்மதத் தாள் அவள் பையிலேயே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பாட்டு டப்பாவை எடுக்கிறாள், நான் பார்த்தேன்.

தம்பி, எனக்குக் கோபம். அப்பா அம்மா போனபின் உன்னை வளர்த்தேன் என்று சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. இன்றைக்குச் சொல்லிக்காட்டத் தோன்றுகிறது. நான் வளர்த்தவன் இப்படி வழவழவென்று எழுதக்கூடாது.

பாட்டு வாத்தியார் கேசட்டுக்குச் சம்மதித்துவிட்டார். "ஏழு இடத்துல நாலு இடம் சரியா வந்தாலே பெரிய விஷயம். மீதியை நாம சத்தமாப் பாடி மூடிருவோம்" என்கிறார். எண்ணித் தொலை.

அக்கா

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வரப்போகும் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு எல்லோருக்கும் என் வாழ்த்துகள். நான் நலம்.

கேசட் இதோடு வருகிறது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனபின் மூன்றாம் மாடி அறையில் பதிவு செய்தது. எதிரொலி வராமலிருக்க மேசைகளின் மேல் கம்பளிக் கோட்டுகளைப் பரப்பினோம். சுருதிக்கு ஆய்வகத்திலிருந்து ஒரு இசைக்கவை கிடைத்தது. ஆரம்பத்தில் கேட்கிற "ணிங்" அதுதான். அதன்பின் மேசையில் மூன்று தட்டு, அடுத்து பாட்டு.

அக்கா, ஏழு இடத்திலும் சரியாக நுழைந்திருக்கிறேன். பாட்டு வாத்தியாரிடம் சொல். இனி யாரும் கணக்கு வாத்தியாரைக் கேலி செய்ய வேண்டாம்.

கோபம் தணிந்ததா?

தம்பி

டிசம்பர் 26

தம்பிக்கு,

பண்டிகை நல்லபடியாக முடிந்தது. முழங்கால் பரவாயில்லை. கேசட் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன்.

ஒத்திகையில் பாட்டு வாத்தியார் முதலில் கேசட்டை மட்டும் போட்டார். நாங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். ஆலயத்தில் அன்றைக்கு வெள்ளையடிக்கிறவர்களின் ஏணி நின்றது, அதன் படியில் டேப்ரெக்கார்டர். உன் குரல் நன்றாக இருந்தது. முதல் இடம் வந்தது. நீ நிறுத்தினாய். என் கை பழக்கத்தில் தானாக எழுந்து முன்னால் போனது. தட்டுவதற்கு முன்னால் நீ உள்ளே போயிருந்தாய். இரண்டாவது இடமும் அப்படியே. மூன்றாவதில் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன். ஏழும் சரி. குழு கைதட்டியது. பாட்டு வாத்தியார், "வெளிநாட்டுத் தண்ணி அவரை மாத்திடுச்சு" என்றார்.

நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கியது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரியும். சுற்றிலும் மூன்று குரல் பாடும்போதே உனக்கு நுழைய வராது. யாருமே பாடாத ஒரு அறையில் ஏழும் சரியாக வந்திருக்கிறது. பெருமைப்படலாம் என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைத்திருந்தேன். நர்ஸ் பாடுவது ஆல்டோ குரல், என் பக்கத்தில் நிற்பவள், இத்தனை வருடமாக என் கையைப் பார்த்தவள். ஒத்திகை முடிந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "அக்கா, அவருக்கு யாரோ தட்டுறாங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றும் பாடினாள், கிறிஸ்துமஸ் அன்றும் பாடினாள், ஒரு சுரம் பிசகவில்லை.

"கோட்டுகளைப் பரப்பினோம்" என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பக்கம் நாங்கள் இருக்கிறோம், அந்தப் பக்கம் நீ யாரோடு "னோம்"?

யார் தட்டியது? ஒரே வரியில் எழுது.

அக்கா

டிசம்பர் 29

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தலைமை நர்ஸ் பதவியை ஏற்றுக்கொண்டு இன்று கையெழுத்துப் போட்டேன். ஜனவரி பத்தாம் தேதி கிளம்புகிறேன். உங்கள் பதில் வந்தபிறகு முடிவெடுக்கலாம் என்று அக்கா சொன்னார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்கு முன் வராத பதில் எனக்கு உதவாது.

நான் நினைத்தது தவறாக இருந்தால் உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தவறாக இருக்காது. உங்கள் பின்னால் ஒன்பது வருடம் நின்று பாடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் ஜூலையில் சொல்லியிருந்தாலும் எனக்கு வலித்திருக்கும், ஆனால் மரியாதையாக வலித்திருக்கும். கேசட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. ஜூலை என்று எழுதுவது, அந்த மாதத்திலிருந்துதான் உங்கள் கடிதங்கள் நின்றன என்பதால்.

மாடி அறையின் ஜன்னல் கொக்கி உறுதியாக இருக்கிறது. அக்காவுக்கு மழையில் உதவும்.

இப்படிக்கு,
நர்ஸ்

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

தட்டியது என் மனைவி. ஒரு வரியில் கேட்டாய், எழுதிவிட்டேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக்குத் தலைமை ஆசிரியரும் பள்ளிக் காவலாளியும் வந்தார்கள். அவள்தான் லேப் உதவியாளர். நாற்காலிக் காலுக்குக் கார்க் வெட்டி வைத்தவள். கணவரை இழந்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். தலைமை ஆசிரியர் ஏப்ரல் வரை இருக்கச் சொன்னார் என்பது பொய். ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நானே கேட்டு வாங்கினேன்.

பதிவு செய்த அன்று முதலில் தனியாகத்தான் பாடினேன். ஒன்பது தடவை, ஒன்பதும் பிழை. எனக்கு ஒருவர் தட்ட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டும் தெரியாது, நம் மொழியும் தெரியாது. தாளில் ஏழு இடத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றுகிற கை, பிசகவில்லை. முடிந்ததும், இதற்கு முன்னால் யார் தட்டினார்கள் என்று கேட்டாள். "அக்கா" என்றேன். அந்த ஒரு சொல் இப்போது அவளுக்குத் தெரியும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, பயம்தான். எழுதாத வரைக்கும் நடக்காத மாதிரி இருந்தது. நர்ஸுக்கு ஜூலையில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதைக் கிழிக்கவில்லை, போடவும் இல்லை. ஏழும் சரி என்று உனக்கு எழுதியபோது என்னை நானே காட்டிக்கொடுக்கிறேன் என்று தெரியவில்லை. தெரிந்துதான் எழுதினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

நர்ஸின் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிப் போட்டுவிட்டேன். நீயும் எழுது. திட்டி எழுது.

தம்பி

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

ஐந்து வாரமாகிறது. பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முழங்கால் எப்படி இருக்கிறது?

நர்ஸ் என் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள், பிரிக்காமலே. உன்னிடமிருந்து அது மாதிரியாவது ஒன்று வரும் என்று தினமும் காவலாளி அறையில் பார்க்கிறேன். இங்கே குளிர் குறைந்துவிட்டது.

தம்பி

ஏப்ரல் 9

இந்தக் கடிதம் தம்பிக்கு இல்லை. தம்பிக்கு எழுத இன்னும் எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் இதை அவன்தான் படித்து, ஒரு சொல் விடாமல், தன் மனைவிக்கு அவள் மொழியில் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கும் இடங்களையும் சேர்த்து.

தம்பியின் மனைவிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு நான் சுகம். என்னைவிட இளையவள் என்பதால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. ஏழெட்டுத் தடவை மிஷினில் தாள் ஏற்றினேன். வசவாகவே வந்தது, உருவிப் போட்டுவிட்டேன். வசவு உனக்கில்லை. உன் கணவன் ஒரு நல்ல பெண்ணைக் காக்க வைத்தான். வேறொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகும் ஐந்து மாதம் காக்க வைத்தான். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்கிறார் போதகர், அது அவர் வேலை. நான் மெதுவாகத்தான் வருவேன், எனக்கு முழங்கால் வலி.

நர்ஸ் நன்றாக இருக்கிறாள். ஐம்பது படுக்கை இப்போது அவள் பொறுப்பு. மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். அதில் டாக்டர்களைத் திட்டுகிறாள், சாப்பாட்டைத் திட்டுகிறாள். உன் கணவனைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே என் பக்கத்தில் ஆல்டோ இடம் காலி, முன்னால் பேஸ் இடம் காலி. ஈஸ்டர் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போது என் கை மறுபடியும் தானாக முன்னால் போனது. அங்கே யாரும் இல்லை. அழுதுவிட்டேன். பாட்டு வாத்தியார் இருமல் என்று நினைத்து, ஆராதனை முடிந்ததும் வெந்நீர் வாங்கிக் கொடுத்தார். உன் கணவன் வீட்டைவிட்டுப் போனபோது அழவில்லை, அவன் கல்யாணச் செய்தி வந்தபோதும் அழவில்லை. கைக்கு வேலை இல்லை என்று அழுதேன்.

நேற்று இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் போனபின், மிஷின்களுக்கு உறை போட்டுவிட்டு, கேசட்டைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். ஏழும் சரி என்று தம்பிக்கு எழுதியிருந்தேன். இல்லை, ஆறுதான் சரி. ஏழாவது இடத்தில் ஒரு நூல் பிந்துகிறான். குழுவில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரிகிறது. தப்பு உன் மேல் இல்லை. அதற்கு முந்தின அடியை அவன் நீளமாக இழுத்துப் பாடுகிறான், மூச்சு தீர்ந்துவிடுகிறது. நீ நாலில் தட்டினால், அவன் மூச்சு எடுத்த பிறகுதான் நுழைவான். பன்னிரண்டு வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த இடத்தில் மட்டும் மூன்றிலேயே தட்டு. மெதுவாகத் தட்டினால் போதும். இடது தோளில். வலது தோளில் தட்டினால் யார் என்று திரும்பிப் பார்ப்பான்.

இப்படிக்கு,
உன் நாத்தனார்